நாய் வசனத்தை என்ன செய்வது?

நார்வே நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சனின் 'மக்கள் விரோதி' நாடகத்தை இன்றைக்கு மேடையேற்ற நினைக்கிற எந்த இயக்குநருக்கும் ஒரு நாய்ப் பிரச்சினை உண்டு. நாய் மேடைக்கு வராது, வசனத்தில்தான் வருகிறது. நான்காம் அங்கத்தில் ஊரே கூடியிருக்கிற கூட்டத்தில், அதுவரை நாம் மனசுக்குள் கைதட்டிக்கொண்டிருந்த டாக்டர் ஸ்டாக்மன் நாய் ஜாதி பேச ஆரம்பித்துவிடுகிறார். தெருவில் திரிகிற சொறிநாயை ஒரு பக்கம் வையுங்கள், பல தலைமுறையாகப் பெரிய வீட்டில் நல்ல சாப்பாடு சாப்பிட்டு, இனிமையான குரல்களையும் இசையையும் கேட்டு வளர்ந்த பூடில் நாயை இன்னொரு பக்கம் வையுங்கள், இரண்டுக்கும் மூளை ஒன்றா என்று கேட்கிறார். மனிதர்களும் அப்படித்தானாம். எழுதப்பட்டது 1882-ல். அதற்கப்புறம் ஐரோப்பாவில் இந்த மாதிரிப் பேச்சு எங்கே போய் முடிந்தது என்று தெரிந்த நமக்குக் காது கூசுகிறது.

அதனால் எல்லோரும் வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய இடத்தில் வேறு துணியை வைத்துத் தைக்கிறார்கள். இந்த நாடகத்தின் தழுவல்களை நான் தேடித் தேடிப் பார்ப்பதும் படிப்பதும் அந்த ஒட்டுத் துணிக்காகத்தான். எந்த ஊரில், எந்த வருஷத்தில், யார் எதை வைத்துத் தைத்தார்கள் என்று பார்த்தாலே அந்த ஊரையும் அந்தக் காலத்தையும் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தெற்கு நார்வேயில் கடலோரமாக ஒரு சின்ன ஊர். அங்கே புதிதாக மருத்துவக் குளியல் நிலையம் வந்திருக்கிறது. வெளியூர்க்காரர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள வருகிறார்கள், பணம் புழங்குகிறது, நிலத்தின் விலை ஏறுகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். நிலையத்தின் மருத்துவர் தாமஸ் ஸ்டாக்மன். போன பருவத்தில் வந்தவர்களில் சிலருக்குக் காய்ச்சலும் வயிற்றுக் கோளாறும் வந்ததில் சந்தேகப்பட்டு, தண்ணீரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்கிறார். முதல் அங்கத்திலேயே பதில் கடிதம் வந்துவிடுகிறது: தண்ணீர் முழுக்க அழுகலும் நுண்ணுயிரும். மேட்டில் இருக்கிற தோல் பதனிடும் பட்டறைகளின் கழிவு குழாய்க்குள் இறங்குகிறது. (டேனரிக் கழிவு என்றதும் பாலாறும், 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன வேலூர் வழக்கும் ஞாபகத்துக்கு வராமல் நம்மால் இதைப் படிக்க முடியாது.) குழாய்களை மாற்றிப் போட ஏகப்பட்ட செலவு, அதுவரை இரண்டு வருஷம் நிலையத்தை மூடிவைக்க வேண்டும். நகராட்சித் தலைவர் பீட்டர், மருத்துவரின் கூடப்பிறந்த அண்ணன். விஷயத்தை அமுக்கப் பார்க்கிறார். தோள் கொடுக்கிறேன் என்று முதலில் ஓடி வந்த பத்திரிகை ஆசிரியர் ஹோவ்ஸ்டாடும், வாயைத் திறந்தாலே 'நிதானம், நிதானம்' என்கிற அச்சக முதலாளி அஸ்லாக்சனும், செலவெல்லாம் வரியாக ஊர்க்காரர்கள் தலையில்தான் விழும் என்று பீட்டர் காதில் போட்டதும் கட்சி மாறிவிடுகிறார்கள்.

அப்புறம்தான் கூட்டம். கேப்டன் ஹோர்ஸ்டர் என்கிற கப்பல்காரர் ஒருத்தர் மட்டும் தன் வீட்டைக் கொடுக்கிறார். வந்தவர்கள் அஸ்லாக்சனையே கூட்டத்துக்குத் தலைவராக்கி, மருத்துவர் தண்ணீரைப் பற்றிப் பேசக்கூடாது என்று தீர்மானம் போடுகிறார்கள். சரி, நான் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை, அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்று ஸ்டாக்மன் தொடங்குகிறார். குளியல் நிலையம் கிடக்கட்டும், நம் மனவாழ்க்கையின் ஊற்றே விஷமாகிவிட்டது. பெரும்பான்மை ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. ஒரு உண்மைக்கு ஆயுசு 17, 18, மிஞ்சினால் 20 வருஷம். பெரும்பான்மை அதைப் பிடித்துக்கொள்ளும்போது அது ஊசிப்போன இறைச்சி. அங்கிருந்து நாய்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து நாடகங்களைச் சத்தமாக வாசிக்கிற ஒரு வழக்கம் எங்களுக்கு உண்டு. பாத்திரங்களைப் பிரித்துக்கொள்வோம், டீ வரும், யாராவது நடுவில் போனை எடுத்துக்கொண்டு எழுந்து போவார்கள். இந்த நாடகத்தில் ஸ்டாக்மனாக வாசித்தவர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், நல்ல கணீர்க் குரல். மூன்று அங்கம் வரை அவர் வாசிக்க வாசிக்க எங்களுக்கெல்லாம் ஆவேசமே வந்துவிட்டது. அண்ணன் பீட்டராக வாசித்தவரை முறைத்தோம். நாய் இடம் வந்ததும் அவர் நிறுத்திவிட்டு, "இதை விட்டுட்டுப் போயிடலாமா? ஆளு நல்லவன்தானே?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. ஸ்டாக்மனின் மனைவியாக வாசித்த தோழி மட்டும், "எங்க வீட்ல இருக்கறது தெருவுல பொறுக்குன நாட்டு நாய்தான். பக்கத்து வீட்டு இங்கிலீஷ் நாய்க்கு அது டியூஷன் எடுக்கும்" என்றார். சிரித்துவிட்டு அந்தப் பக்கத்தையும் வாசித்தோம். ஆனால் அதற்கப்புறம் அவர் குரலில் பழைய கணீர் இல்லை, கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கும் பழைய ஆவேசம் இல்லை. எனக்கு நாடகம் சூடுபிடித்ததே அங்கேதான்.

ஏனென்றால் இப்சன் தெரியாமல் எழுதிய இடமில்லை அது. அதற்கு முந்தின வருஷம், 1881-ல், அவருடைய 'ஆவிகள்' வெளிவந்து நார்வே முழுக்க வசவு. பழமைவாதிகள் திட்டினார்கள், அதைவிட அவரை உறுத்தியது, முற்போக்காளர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களும் வாயை மூடிக்கொண்டதுதான். (அதே நாடகம் 1891-ல் லண்டனுக்குப் போனபோது ஒரு பத்திரிகை அதைத் 'திறந்த சாக்கடை' என்று எழுதியது. சாக்கடையைக் காட்டுகிறவனுக்கு என்ன நடக்கும் என்று அதற்கு 9 வருஷம் முன்பே மனுஷன் ஒரு முழு நாடகம் எழுதி முடித்திருந்தார்!) அந்தக் கோபத்தில் பிறந்தவர் ஸ்டாக்மன். ஆனால் கையெழுத்துப் பிரதியை அனுப்பும்போது தன் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், நானும் டாக்டரும் பல விஷயத்தில் ஒத்துப்போகிறோம், ஆனால் டாக்டர் என்னைவிடக் குழப்பமான தலை என்கிற பொருளில் எழுதுகிறார். இதை நகைச்சுவை நாடகம் என்று சொல்வதா, சாதாரண நாடகம் என்று சொல்வதா என்றுகூட அவருக்கு முடிவாகவில்லை. நகைச்சுவையா என்று யோசித்துக்கொண்டு மூன்றாம் அங்கத்துக்குத் திரும்பிப் போனால், ஊர்க்காரர்கள் எனக்காகத் தீப்பந்த ஊர்வலம், விருந்து என்று ஏதாவது ஏற்பாடு செய்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள் என்று அவர் கேட்டுக்கொள்கிற இடம் கண்ணில் படும். யாரும் ஊர்வலம் பற்றிப் பேசவே இல்லை! ஆசாமியின் தலைக்கனத்தை இப்சன் ஆரம்பத்திலிருந்தே வைத்துக்கொண்டு வருகிறார்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இப்சனே மாற்றியவர். 'பொம்மை வீடு' 1879 டிசம்பரில் கோபன்ஹேகனில் மேடையேறியது. கணவனையும் மூன்று குழந்தைகளையும் விட்டுவிட்டு நோரா கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள். ஜெர்மனியில் ஹெட்விக் நீமன்-ராபே என்கிற பெரிய நடிகை, நான் என் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகமாட்டேன், அதனால் இந்த முடிவை நடிக்க முடியாது என்றுவிட்டார். நார்வே எழுத்தாளருக்கு அங்கே பதிப்புரிமைப் பாதுகாப்பு கிடையாது, யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். யாரோ ஒருவன் கெடுப்பதைவிட நானே கெடுத்துவிடுகிறேன் என்று இப்சனே இன்னொரு முடிவு எழுதிக் கொடுத்தார். நோரா குழந்தைகளின் அறை வாசலில் தளர்ந்து விழுகிறாள், போகவில்லை. அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று அவரே சொன்னார். ஆக, முதல் தழுவல்காரர் ஆசிரியர்தான், அதுவும் ஒரு நட்சத்திரத்தின் பிடிவாதத்துக்காக. நம்ம ஊர் சினிமாக்காரர்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

ஸ்டாக்மனுக்கு வருவோம். நாய் யார் காதிலும் விழாமல் போன ஒரு ராத்திரி உண்டு. 1901 மார்ச் 4, செயின்ட் பீட்டர்ஸ்பர்க். மாஸ்கோ கலை அரங்கம் அங்கே வந்து நாடகம் போடுகிறது, ஸ்டாக்மன் வேஷத்தில் அந்த அரங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்தானிஸ்லாவ்ஸ்கி. அன்றைக்குப் பகலில்தான் கஸான் சதுக்கத்தில் மாணவர் ஆர்ப்பாட்டத்தைக் கோசாக் குதிரைப்படையினர் அடித்து நொறுக்கியிருந்தார்கள். அரங்கம் முழுக்கக் கொதிநிலை. ஐந்தாம் அங்கத்தில், கூட்டத்தில் கிழிந்துபோன தன் உடுப்பைப் பார்த்து மருத்துவர் ஒரு வசனம் சொல்வார்: விடுதலைக்கும் உண்மைக்கும் போராடப் போகிறவன் புது உடுப்பைப் போட்டுக்கொண்டு போகக்கூடாது. இப்சன் சிரிப்புக்காக வைத்த வரி. அன்றைக்கு அதைக் கேட்டதும் அரங்கமே வெடித்தது, நாடகத்தை நிறுத்த வேண்டியதாயிற்று, ஜனங்கள் மேடையை நோக்கிக் கைகளை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள் என்று ஸ்தானிஸ்லாவ்ஸ்கி தன் சுயசரிதையில் எழுதுகிறார். தான் அரசியலை நினைத்து நடிக்கவே இல்லை என்றும் சொல்கிறார். கும்பல் முட்டாள், நீங்கள் எல்லாம் கச்சாப்பொருள் என்று மேடையிலிருந்து திட்டுகிற ஒருத்தரை ஒரு கும்பல் கட்டித் தழுவிக்கொள்கிறது. சதுக்கத்தில் அடிவாங்கிவிட்டு வந்தவர்கள் தங்களைக் கும்பலாக நினைக்கவில்லை, ஸ்டாக்மனாக நினைத்தார்கள், அவ்வளவுதான் விஷயம். அந்த நாடகத்தைப் பார்க்க வருகிற எல்லோருமே, எந்தக் காலத்திலும், தங்களை ஸ்டாக்மனாகத்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

நாஜிகளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்கள். 1937-ல் ஹான்ஸ் ஸ்டைன்ஹாஃப் இயக்கத்தில், ஹைன்ரிஷ் கேயோர்கே மருத்துவராக நடித்து ஜெர்மனியில் இது படமாகவே வந்தது. சில்லறை ஊர் அரசியல், விலைபோன பத்திரிகை, வாக்குக்கு விலைபோகிற கும்பல், அதற்கு நடுவில் தனியாக நிற்கிற பலசாலி. அவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? கடைசியில் மேலிடத்து அதிகாரம் வந்து மருத்துவர் பக்கம் நிற்பதாக முடிவை மாற்றினால் போதும், நாடகம் ஆட்சிக்குச் சேவகம் செய்துவிடும்.

பதின்மூன்று வருஷம் கழித்து நியூயார்க்கில் அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் அதே நாடகத்தை எடுத்து, நேர் எதிர்ப்பக்கம் திருப்பினார். 1950 டிசம்பர். கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். முக்கிய வேஷத்தில் நடித்த ஃபிரெட்ரிக் மார்ச்சும் அவர் மனைவி ஃப்ளாரன்ஸ் எல்ட்ரிட்ஜும் ஏற்கெனவே கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தப்பட்டு வழக்குப் போட்டவர்கள். மில்லர் நாயைச் சுத்தமாக வெட்டினார். இரண்டாம் உலகப் போர் முடிந்து 5 வருஷம், யூதரான மில்லர் ரத்தம், வளர்ப்பு, மேல்தரம் கீழ்த்தரம் என்கிற பேச்சை எப்படி மேடையில் ஒரு நாயகன் வாயில் வைப்பார்? முன்னுரையில் அதைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறார். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. ஆனால் விளைவு என்ன? அவருடைய ஸ்டாக்மன் மாசில்லாத வீரர். கடைசி வசனத்தில்கூட 'நான்' போய் 'நாம்' வந்துவிடுகிறது. அந்த மேடையேற்றம் 36 காட்சிகளோடு நின்றது. பிரதி மட்டும் நிலைத்துவிட்டது. ஸ்டீவ் மெக்குயின் தாடி வைத்துக்கொண்டு நடித்த 1978-ம் வருஷப் படமும் மில்லரை வைத்துத்தான். பல வருஷமாக ஆங்கிலத்தில் இப்சன் என்று மக்கள் பார்த்தது பாதிக்கு மேல் மில்லரைத்தான்.

நம் பக்கத்தில் இதைத் தொட்டவர் சத்யஜித் ராய். 'கணஷத்ரு' என்கிற வங்காளப் படம், 1989. குளியல் நிலையத்தைக் கோயிலாக்கினாரே, இந்த நாடகத்துக்கு நடந்த மாற்றங்களிலேயே அதுதான் ஆகப் புத்திசாலித்தனமானது என்பேன். சண்டிபூர் என்கிற ஊரில் கோயில் தீர்த்தம் கெட்டுப்போயிருக்கிறது, மஞ்சள்காமாலை பரவுகிறது, டாக்டர் அசோக் குப்தாவாக சௌமித்ர சாட்டர்ஜி. நார்வேயில் அது பணப் பிரச்சினை. இங்கே பணத்துக்கு மேல் பக்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது. கோயில் பணக்காரர் ஒருவர் சின்னப் பாட்டிலில் தீர்த்தத்தோடு வந்து, துளசி போட்ட தண்ணீர் எப்படி டாக்டர் கெடும் என்று கேட்கிற காட்சி இருக்கிறது. அவர் வில்லன் மாதிரிக் கேட்கவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கிற அதே குரல், அதே நம்பிக்கை. கையில் தீர்த்தம் வாங்கித் தலையில் தடவிக்கொண்டு வளர்ந்த யாருக்கும் அந்தக் காட்சியில் சட்டென்று பதில் வராது.

கூட்டக் காட்சியில் ராய் என்ன செய்கிறார் பாருங்கள். டாக்டர் பெரும்பான்மையைத் திட்டவே இல்லை. நாய் இல்லை, ஊசிப்போன இறைச்சி இல்லை. அதற்குப் பதிலாகத் தம்பி நிஷீத் (இங்கே நகராட்சித் தலைவர் தம்பி) எழுந்து, நீ இந்துவா என்று கேட்கிறார். ஆமாம், ஆனால் சில சடங்குகளைப் பின்பற்றுவதில்லை என்கிறார் டாக்டர். முடிந்தது கதை. சோதனைச்சாலை அறிக்கை, பாக்டீரியா, நோயாளிகள் எண்ணிக்கை எதற்கும் அப்புறம் மதிப்பில்லை. இது வந்து மூன்று வருஷத்தில், 1992 டிசம்பரில், அயோத்தியில் நடந்தது நமக்குத் தெரியும். அந்த ஒரு கேள்விக்காகவே ராய்க்கு ஒரு கும்பிடு.

ஆனால் படமாக எனக்கு அது தளர்வாகத்தான் இருக்கிறது. 1983-ல் வந்த மாரடைப்புக்கு அப்புறம் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு மருத்துவர்கள் அவரை விடவில்லை, அதனால் முழுக்க அறைகளுக்குள்ளேயே நடக்கிறது. கேமரா மேடை நாடகத்தைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு பார்க்கிறது. அதைக்கூட மன்னிக்கலாம். கடைசியில் வெளியே இளைஞர்கள் கூட்டமாக வந்து டாக்டருக்கு வாழ்க கோஷம் போடுகிறார்களே, அங்கேதான் எனக்கு ஒட்டவில்லை. இப்சனில் ஸ்டாக்மனுக்கு மிஞ்சுவது குடும்பமும் ஒரு கப்பல்காரரும்தான். ராய் ஒரு சிறு கூட்டத்தையே கொடுத்துவிட்டார். உடம்பு முடியாத ஒரு பெரிய கலைஞர் தன் ஊர் இளைஞர்களை நம்ப ஆசைப்பட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கெட்ட கும்பலுக்கு எதிராக நல்ல கும்பல் என்று முடித்தால், கும்பலைப் பற்றி நாடகம் கேட்ட கேள்வி காற்றில் போய்விடுகிறது.

ஜெர்மன் இயக்குநர் தாமஸ் ஓஸ்டர்மையர் அந்தக் கேள்வியைப் பார்வையாளர்கள் மடியிலேயே கொண்டுவந்து போட்டார். பெர்லின் ஷௌபியூனே அரங்கத்தின் தயாரிப்பு, 2012-ல் பிரான்சின் அவிஞ்ஞோன் நாடக விழாவில் தொடங்கி உலகம் சுற்றியது. நான் பதிவைத்தான் பார்த்தேன். ஸ்டாக்மன் இங்கே தாடியும் கிடாருமாக இருக்கிற பெர்லின் இளைஞர். கைக்குழந்தை, கரும்பலகைச் சுவரில் சாக்கட்டி ஓவியம், நண்பர்களோடு சேர்ந்து டேவிட் போவி பாட்டு ஒத்திகை. கூட்டக் காட்சியில் அரங்க விளக்குகள் எரிகின்றன. அவர் பேசுவது இப்சன் எழுதியதை அல்ல; முதலாளித்துவ வாழ்க்கையைக் கிழிகிழி என்று கிழிக்கிற ஒரு பிரெஞ்சுத் துண்டறிக்கை நாயின் இடத்துக்கு வந்திருக்கிறது. பேசி முடித்ததும் அஸ்லாக்சன் நம்மைப் பார்த்து, மருத்துவர் சொல்வதை ஒத்துக்கொள்கிறவர்கள் கைதூக்குங்கள் என்கிறார். பாதிக்கு மேல் கைகள் எழுகின்றன. ஏன் என்று மைக்கை நீட்டுகிறார்கள். கொஞ்சம் கூச்சத்தோடு யாரோ ஆரம்பிக்கிறார், பின்னாலிருந்து ஒருவர் மறுக்கிறார், நாடகம் எங்கே நின்றது, ஊர்க்கூட்டம் எங்கே ஆரம்பித்தது என்று தெரியாமல் போகிறது. பிறகு வண்ணச் சாயம் நிரப்பிய பைகள் பறந்து வந்து ஸ்டாக்மன் மேல் உடைகின்றன.

இதே தயாரிப்பு 2018 செப்டம்பரில் பெய்ஜிங் போனது. முதல் நாள், கைதூக்கச் சொன்ன இடத்தில், பார்வையாளர்கள் தங்கள் ஊர்ப் பத்திரிகைகளைப் பற்றியும் பேச்சுரிமை பற்றியும் சத்தம் போட்டுச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த காட்சியிலிருந்து அந்தப் பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கடுத்து நான்ஜிங்கில் நடக்க வேண்டிய காட்சிகள் 'தொழில்நுட்பக் காரணங்களால்' நடக்கவில்லை. தண்ணீரைப் பற்றிப் பேசக்கூடாது என்று தீர்மானம் போட்ட அஸ்லாக்சன் மேடையை விட்டு இறங்கி நிஜமாகவே வந்துவிட்டார். இரண்டு வருஷம் கூட ஆகவில்லை, வூஹானில் கண் மருத்துவர் லீ வென்லியாங் புதிய காய்ச்சல் பற்றிச் சக மருத்துவர்களை எச்சரித்ததற்காகக் காவல் நிலையத்தில் கண்டிக்கப்பட்டு, 2020 பிப்ரவரியில் அதே தொற்றில் இறந்தார். இதற்கு மேல் எந்த இயக்குநர் என்ன தழுவுவது?

நியூயார்க்கில் 2024-ல் நடந்தது வேறு தினுசு. ஏமி ஹெர்சாக் எழுதிய புதுப் பதிப்பு, சாம் கோல்ட் இயக்கம், ஸ்டாக்மனாக ஜெரமி ஸ்ட்ராங். பார்வையாளர்கள் சுற்றி உட்கார்கிற வட்ட அரங்கம். இடைவேளையில் மேடையே மதுக்கடையாகி, பார்வையாளர்கள் இறங்கிப் போய் நார்வே சாராயம் வாங்கிக் குடிக்கலாம். அப்படியே கூட்டக் காட்சி ஆரம்பிக்கும். மார்ச் 14 அன்று அந்த இடத்தில் பருவநிலைப் போராட்டக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து கத்த ஆரம்பித்தார்கள். செத்த பூமியில் நாடகம் கிடையாது என்றார்கள். பலர் இதுவும் நாடகம்தான் போல என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேயராக நடித்த மைக்கேல் இம்பீரியோலி வேஷத்தைக் கலைக்காமலே அவர்களை வெளியே போகச் சொன்னார். உண்மையைச் சொல்ல வந்தவனை ஊர் வாயடைக்கிற காட்சிக்குக் காசு கொடுத்து வந்து உட்கார்ந்தவர்கள், உண்மையைச் சொல்ல வந்தவர்களைக் காவலாளிகள் வெளியேற்றியதும் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்கள். இப்சன் இருந்திருந்தால் மீசைக்குள் சிரித்திருப்பார்.

எல்லாம் சரி, நாயை ஏன் நான் இவ்வளவு பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்? காரணம், இன்றைக்கு ஸ்டாக்மன்களுக்குப் பஞ்சமே இல்லை. ஊரே எனக்கு எதிரி, பத்திரிகைகள் விலைபோய்விட்டன, உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும் என்று கையில் போனை வைத்துக்கொண்டு பேசுகிற யாரும் தன்னை ஸ்டாக்மன் என்று சொல்லிக்கொள்ள முடியும். தடுப்பூசி போட்டால் உடம்பில் காந்தம் ஒட்டும் என்று குடும்ப வாட்ஸப் குழுவில் வீடியோ அனுப்பிய என் உறவினர் ஒருவர், யாரும் நம்பாதபோது, "உண்மைய சொல்றவன எப்பவுமே கல்லால அடிப்பாங்க" என்று எழுதினார். அச்சு அசலாக ஐந்தாம் அங்கம். தனியாக நிற்கிறவனே வீரன் என்று மில்லர் பாணியில் நாடகத்தை எடுத்தால், அந்த உறவினரும் எழுந்து நின்று கைதட்டுவார்.

இப்சனை முழுசாக எடுத்தால் அவரால் அவ்வளவு லேசாகக் கைதட்ட முடியாது. ஸ்டாக்மன் சரியாக இருந்தது தனியாக நின்றதால் அல்ல, கையில் பல்கலைக்கழகக் கடிதம் இருந்ததால். தண்ணீர் விஷயத்தில் அவர் சொன்ன ஒரு வார்த்தையும் தப்பில்லை. அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று வாயைக் கட்டியதும், அதை விட்டுவிட்டு மனிதர்களின் தரத்தைப் பற்றிப் பேசப் போகிறார். அதற்கு அவரிடம் கடிதம் எதுவும் இல்லை, நாய் உவமை மட்டும்தான் இருக்கிறது. அதே குரல், அதே தன்னம்பிக்கை. ஒரே மூச்சில் நிரூபணத்திலிருந்து ஆணவத்துக்குத் தாண்டுகிறார், தாண்டியது அவருக்கே தெரியவில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், கீழ்த்தரம் என்று அவர் சொல்வது ஏழைகளை மட்டும் அல்ல. அற்ப புத்தி எல்லாத் தட்டிலும் உண்டு, இதோ என் அண்ணனே உதாரணம், எங்கள் மூதாதை ஒரு பொமரேனியக் கடற்கொள்ளைக்காரன்தான் என்று அங்கேயே போட்டு உடைக்கிறார். ஆனாலும் நாய் நாய்தான். அதை வெட்டிவிட்டால் அந்தத் தாண்டல் நமக்குத் தெரியாது. பேசவிடாமல் தடுத்த ஊரும் குற்றவாளி, தடுக்கப்பட்டதும் மதம் பிடித்த மனிதரும் சுத்தமானவர் இல்லை என்கிற இரட்டைச் சங்கடம் போய், நல்லவன் கெட்டவன் கதை மட்டும் மிஞ்சும்.

நாயைப் போலவே பல மேடைகளில் காணாமல் போகிற இன்னொரு ஆசாமி கூட்டத்துக்கு வருகிற குடிகாரர். தள்ளாடிக்கொண்டு வந்து கத்துவார், வெளியே தள்ளுவார்கள், திரும்ப வருவார். ஸ்டாக்மன் மக்கள் விரோதி என்று சீட்டு எழுதிப் போட்டு வாக்கெடுக்கும்போது எல்லா வாக்கும் ஒரு பக்கம், இந்த ஆசாமியின் வாக்கு மட்டும் மருத்துவருக்கு. பெரும்பான்மைக்கு எதிராக நின்ற அந்த ஒரே ஒரு சுதந்திர மனிதருக்கு நிற்கவே முடியவில்லை. சிறுபான்மைதான் எப்போதும் சரி என்று முழங்கிய டாக்டருக்கு இப்சன் கொடுத்த சிறுபான்மை அது. இதை வெட்டுகிறவர்களை என்னால் மன்னிக்கவே முடியாது.

முடிவில் பங்குகள் விஷயம் இருக்கிறது. ஸ்டாக்மனின் மாமனார் மோர்ட்டன் கீல், கழிவை விடுகிற டேனரிகளில் ஒன்றுக்குச் சொந்தக்காரர். விலை சரிந்த குளியல் நிலையப் பங்குகளைத் தன் மகளுக்கும் பேரன்களுக்கும் சேரவேண்டிய பணத்தில் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்: இனி தண்ணீர் கெட்டது என்றால் உன் பெண்டாட்டி பிள்ளைகள் தெருவில். இப்சனின் ஸ்டாக்மன் கொஞ்சம் தடுமாறிவிட்டு மறுத்துவிடுகிறார். ஓஸ்டர்மையரில் அந்த இளம் தம்பதி பங்குக் காகிதங்களைப் பார்க்கிறார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்கள், பியர் குடிக்கிறார்கள், விளக்கு அணைந்துவிடுகிறது. இந்த ஒட்டுத் துணிக்கு மட்டும் நான் முழு மார்க் போடுவேன். நாயை வெட்டியதற்குப் பரிகாரமாக மனுஷன் வேறு இடத்தில் சந்தேகத்தை விதைத்துவிட்டார்.

ஆனால் மூலத்தின் கடைசி அரை நிமிஷத்துக்கு ஈடாக எதையும் நான் பார்க்கவில்லை. ஜன்னல் எல்லாம் உடைந்திருக்கிறது, வேலை போயிற்று, மகள் பெட்ராவுக்கும் பள்ளிக்கூட வேலை போயிற்று, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஸ்டாக்மன் எல்லோரையும் கிட்டக் கூப்பிட்டு, ரகசியம் போல, இன்னொரு மகத்தான கண்டுபிடிப்பைச் சொல்கிறார்: உலகத்திலேயே பலசாலி யாரென்றால் ஆகத் தனியாக நிற்கிறவன்தான். இதைச் சொல்லும்போது அவரைச் சுற்றி மனைவி நிற்கிறார், மகள் நிற்கிறாள், இரண்டு பையன்கள் நிற்கிறார்கள், ராத்திரி தங்க வீடு கொடுத்த கேப்டன் எங்கோ பக்கத்தில்தான் இருக்கிறார். நியூயார்க் பதிப்பில் ஹெர்சாக் மனைவி பாத்திரத்தையே எடுத்துவிட்டார், ஸ்டாக்மன் அங்கே மனைவியை இழந்தவர். அதனால் அவர் நிஜமாகவே தனியாகத் தெரிகிறார், சோகம் கூடுகிறது. எனக்கு அந்தச் சோகம் வேண்டாம். இப்சனில் மனைவி காத்ரீன் ஐந்து அங்கமும் இந்த மனுஷனுக்குச் சோறு போட்டு, அண்ணன் தம்பி சண்டையை விலக்கி, பிள்ளைகளை நினைத்துப் பயந்து, பயந்துகொண்டே கூட்டத்துக்கும் கூட வந்து நின்றவர். கணவர் 'தனியாக' என்று முழங்கி முடித்ததும் அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி, "ஐயோ தாமஸ், தாமஸ்" என்கிறார். அந்த வேஷத்துக்கு நல்ல நடிகையாகப் போட்டு, நாயையும் குடிகாரரையும் வெட்டாமல் யாராவது மேடையேற்றினால் எந்த ஊராக இருந்தாலும் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்ப்பேன்.